மெல்லிய சமச்சீர் இறக்கையின் 2பை: எங்கிருந்து வருகிறது, தராசில் ஏன் பாதியாகிறது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நாகா 0012 (அமெரிக்க விமான ஆய்வு அமைப்பான நாகாவின் எண் முறையில் ஒரு சமச்சீர் வடிவம்) வெட்டுமுகம் கொண்ட ஓர் இறக்கை மாதிரி. நாண், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை உள்ள தூரம், 0.2 மீட்டர்; நீளம் 0.6 மீட்டர். காற்றுச் சுரங்கத்தின் நடுவே ஒரு தண்டின் மேல் நிறுத்தி, நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் காற்றை விட்டு, காற்றின் திசைக்கும் நாணுக்கும் இடையிலான தாக்குகோணத்தை 5 டிகிரியாக வைத்து அளந்திருக்கிறீர்கள். மெல்லிய இறக்கைக் கோட்பாடு 16 நியூட்டன் தூக்குவிசை வரும் என்கிறது. தராசு காட்டியது 8.2. கோட்பாடு இறக்கையின் தடிமனைக் கண்டுகொள்ளவே இல்லை, காற்றின் பாகுத்தன்மையையும் ஒதுக்கிவிட்டது, அதனால்தான் பாதியளவு தவறுகிறதா என்று கேட்கிறீர்கள். கூடவே, கோட்பாட்டின் சூத்திரத்தில் வரும் அந்த 2பை எங்கிருந்து குதித்தது என்றும்.

தடிமன் குற்றவாளி அல்ல. பாகுத்தன்மையும் இந்த வழக்கில் பெரிய குற்றவாளி அல்ல. உங்கள் மாதிரியின் இரண்டு முனைகளும் திறந்த காற்றில் இருந்ததுதான் விஷயம். ஆனால் அதை நேரடியாகச் சொல்லி முடித்துவிட்டால், அடுத்த முறை வேறொரு வித்தியாசம் வரும்போது மறுபடியும் கோட்பாட்டைத்தான் சந்தேகிப்பீர்கள். எனவே கோட்பாடு என்ன சொல்கிறது, எதைச் சொல்லவே இல்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

கணக்கு இதுதான். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.225 கிலோ என்று வைத்தால், அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கிக் கிடைக்கும் இயக்க அழுத்தம் 245 பாஸ்கல். 5 டிகிரி என்பது 0.0873 ரேடியன். மெல்லிய சமச்சீர் இறக்கைக்குக் கோட்பாடு தரும் சூத்திரம்:

தூக்குவிசைக் குணகம் = 2 × பை × தாக்குகோணம்

கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாணவனாக இருந்தபோது முதன்முதலாக எழுதிய கணினி நிரலில் டிகிரியை அப்படியே போட்டு, குணகம் 31.4 என்று வந்ததை ஒரு மாலை முழுக்க வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரியான விடை 0.548. அதை 245 பாஸ்கலாலும் 0.12 சதுர மீட்டர் பரப்பாலும் பெருக்கினால் 16.1 நியூட்டன். உங்கள் கணக்கில் பிழை இல்லை.

இந்த எண்ணின் மதிப்பை உணர, அதற்கு முன்பிருந்த கோட்பாடுகள் இதே தட்டுக்கு என்ன சொல்லியிருக்கும் என்று பாருங்கள். காற்றைத் துகள்களின் கூட்டமாகக் கருதி, அவை தட்டின் அடிப்பக்கத்தில் மோதித் திரும்புகின்றன என்னும் நியூட்டன் வழிக் கருத்து விசையைச் சைன் இருமடியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. உங்கள் மாதிரிக்கு அது தரும் விடை 0.44 நியூட்டன். பின்பு 1876இல் ரேலி, தட்டின் இரண்டு விளிம்புகளிலும் காற்றோட்டம் பிரிந்து, பின்னால் அசைவற்ற காற்றுத் திரள் ஒன்று நிற்கிறது என்று கொண்டு ஒரு சூத்திரம் தந்தார். அது 3.75 நியூட்டன் தருகிறது. மூன்றாவதாக வந்ததுதான் 16.1. இத்தனைக்கும் மூன்றுமே பாகுத்தன்மை இல்லாத காற்றைப் பற்றிய கணக்குகள்தான். இந்தப் பாய்ச்சலை உண்டாக்கியது ஒரே ஒரு நிபந்தனை.

அந்த நிபந்தனைக்கு வர, கோட்பாட்டின் உள்ளே கொஞ்சம் போகவேண்டும். சமச்சீர் வெட்டுமுகம் மெல்லியதாக இருக்கும்போது அதை இரண்டு தனிச் சிக்கல்களாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒன்று, கோணமே இல்லாமல் நேராக நிற்கும் தடித்த உடல். மற்றது, தடிமனே இல்லாமல் சாய்ந்து நிற்கும் தட்டு. முதலாவது காற்றை மேலும் கீழும் ஒரே அளவு ஒதுக்குகிறது. மேற்பரப்பில் வேகம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவே கீழ்ப்பரப்பிலும் கூடுகிறது, ஆகவே இரு பக்க அழுத்தங்களுக்கும் வித்தியாசம் இல்லை, தூக்குவிசையும் இல்லை. சிறு கோணம், சிறு தடிமன் என்ற எல்லைக்குள் இவ்விரண்டையும் கூட்டிக்கொள்ளலாம் என்பதால், தூக்குவிசை முழுவதும் சாய்ந்த தட்டிலிருந்தே வருகிறது. தடிமனைக் கோட்பாடு மறந்துவிட்டது என்பது சரியல்ல. கணக்கில் சேர்த்துப் பார்த்தது, முதல் நிலையில் அதன் பங்கு பூஜ்யம் என்று கண்டது. இரண்டாம் நிலையில் என்ன ஆகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது தட்டு. நாண் கோட்டின் மேல் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை நுண்ணிய சுழிகளை வரிசையாகப் பரப்பிவைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுழியும் தன்னைச் சுற்றிக் காற்றைச் சுழற்றுகிறது. எல்லாச் சுழிகளும் சேர்ந்து தட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளும் வேகம், சாய்வின் காரணமாகத் தட்டை ஊடுருவ முயலும் காற்றின் வேகத்தைச் சரியாக ஈடுகட்ட வேண்டும். காற்று தட்டைத் துளைத்துப் போக முடியாது, அவ்வளவுதான் தேவை. இதிலிருந்து சுழிகளின் வலிமை எந்த இடத்தில் எவ்வளவு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கேதான் பலர் கவனிக்காமல் தாண்டிவிடும் சங்கதி இருக்கிறது. இந்தத் தேவைக்கு ஒரு விடை அல்ல, எண்ணற்ற விடைகள் உண்டு. தட்டைத் துளைக்காமல், மொத்தச் சுழற்சி பூஜ்யமாக இருக்கும் ஓட்டம் ஒன்று உண்டு. அதில் தூக்குவிசையே கிடையாது. மொத்தச் சுழற்சி 16 நியூட்டனுக்கு உரியதாக இருக்கும் ஓட்டமும் உண்டு, 40 நியூட்டனுக்கு உரியதும் உண்டு. பாகுத்தன்மை இல்லாத காற்றின் சமன்பாடுகளுக்கு இவற்றில் எதன் மீதும் விருப்பு வெறுப்பு இல்லை. தூக்குவிசை இல்லாத அந்த ஓட்டத்தைத் தாளில் வரைந்து பாருங்கள்: கீழ்ப்பக்கக் காற்று பின்விளிம்புக்கு வந்து, அந்தக் கூரிய முனையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி, மேற்பரப்பில் சிறிது தூரம் முன்னோக்கி வந்து, அப்புறம்தான் பிரிகிறது. கூரிய முனையைச் சுற்ற வேண்டுமானால் அங்கே வேகம் எல்லையற்றதாக வேண்டும். உண்மைக் காற்று அதைச் செய்ய மறுக்கிறது. இறக்கை அசையத் தொடங்கிய கணத்தில் அப்படிச் சுற்ற முயன்று, முடியாமல் ஒரு சுழியைப் பின்னால் கழற்றி விட்டுவிடுகிறது. அதற்கு எதிர்த்திசையில் சமமான சுழற்சி இறக்கையைச் சுற்றி மிஞ்சுகிறது. அதன் பிறகு மேற்காற்றும் கீழ்க்காற்றும் பின்விளிம்பிலிருந்து ஒழுங்காக விலகிப் போகின்றன.

பின்விளிம்பில் காற்று சீராக விலக வேண்டும் என்னும் இந்த நிபந்தனையைத்தான் குட்டா நிபந்தனை என்கிறோம். கிளைடரில் பறந்து காட்டிய லிலியென்தாலின் வளைந்த இறக்கைகளைப் பற்றிய ஆர்வத்தில் ஜெர்மனியில் குட்டா 1902இல் இந்த வழியைத் தொட்டார். சுழற்சிக்கும் தூக்குவிசைக்கும் உள்ள பொது உறவை ரஷ்யாவில் ஷுகோவ்ஸ்கி 1906இல் வெளியிட்டார்: ஒரு மீட்டர் நீளத்துக்கான தூக்குவிசை, அடர்த்தியையும் வேகத்தையும் சுழற்சியையும் பெருக்கிக் கிடைப்பது. பாகுத்தன்மையை நாம் சமன்பாட்டிலிருந்து வெளியே அனுப்பிவிட்டோம், ஆனால் அது பின்விளிம்பு வழியாக ஒரு சீட்டை மட்டும் உள்ளே அனுப்பிவைக்கிறது. அந்தச் சீட்டில் எழுதியிருப்பது குட்டா நிபந்தனை. 0.44க்கும் 16.1க்கும் நடுவே இருக்கும் தூரம் முழுவதும் அதனால் வந்ததுதான். எனவே "பாகுத்தன்மையை ஒதுக்கிய கோட்பாடு" என்று இதைச் சொல்லும்போது கொஞ்சம் தயங்கிச் சொல்லுங்கள்.

மெல்லிய வெட்டுமுகங்களுக்கு இதை ஒரு முழுக் கோட்பாடாக ஆக்கியவர் மேக்ஸ் மங்க். ஜெர்மன் காற்றியக்க அறிஞர் பிராண்டலின் மாணவர், அமெரிக்காவுக்குப் போனவர். அவருடைய அறிக்கை வந்தது 1922இல். சுழி வரிசையாக அதை எழுதும் முறையில் பிர்ன்பாம் 1923இல் பங்களித்தார். இன்று நாம் வகுப்பில் படிக்கும் வடிவம், அதாவது நாணின் மேலுள்ள இடத்தைக் கோணமாக மாற்றி ஃபூரியர் தொடரில் விடை எடுக்கும் நேர்த்தி, கிளாவர்ட்டுடையது.

அந்த வழியை முழுதாக இங்கே எழுதப் போவதில்லை. அதற்குப் பதில், இரண்டே வரிகளில் 2பையைக் கறந்துவிடும் ஒரு குறுக்குவழியைக் காட்டுகிறேன். தட்டின் எல்லாச் சுழிகளையும் திரட்டி, முன்விளிம்பிலிருந்து கால் நாண் தூரத்தில் ஒரே சுழியாக வைத்துவிடுங்கள். காற்று தட்டைத் துளைக்கக் கூடாது என்ற தேவையை ஒரே ஒரு புள்ளியில், முக்கால் நாணில், சரிபாருங்கள். இரண்டுக்கும் இடைத்தூரம் அரை நாண். ஒரு சுழி தன்னிடமிருந்து ஒரு தூரத்தில் உண்டாக்கும் வேகம், அதன் சுழற்சியை 2 × பை × தூரம் என்பதால் வகுத்தது. தூரம் அரை நாண் என்பதால், அது சுழற்சி ÷ (பை × நாண்). இது காற்றின் வேகம் × கோணம் என்பதற்குச் சமமாக வேண்டும். ஆகவே:

சுழற்சி = பை × நாண் × வேகம் × கோணம்

இதை அடர்த்தியாலும் வேகத்தாலும் பெருக்கி, இயக்க அழுத்தத்தாலும் நாணாலும் வகுங்கள். இயக்க அழுத்தத்தில் உள்ள அந்த அரை காரணமாக 2 வந்து சேர்கிறது: 2 × பை × கோணம். தோராயமான வழியில் போய், முழுக் கோட்பாட்டின் துல்லியமான விடைக்கே வந்து நிற்கிறோம். ஏன் முக்கால் நாண் என்று கேட்டால், முழு விடையிலிருந்து பின்னோக்கி வந்து பொறுக்கிய இடம் அது என்பதே நேர்மையான பதில். ஆனாலும் இதன் பயன் பெரிது. இறக்கையைச் சிறு பலகைகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் சுழி வலை முறைகள், ஒவ்வொரு பலகையிலும் இதே கால், முக்கால் விதியைத்தான் வைத்து ஓடுகின்றன.

முழுக் கோட்பாடு கூடுதலாகத் தருவது, தூக்குவிசை நாணின் மேல் எப்படிப் பரவியிருக்கிறது என்பது. இதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. கீழ்ப்பரப்புக்கும் மேற்பரப்புக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை இயக்க அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது:

4 × கோணம் × √(பின்விளிம்புவரை உள்ள தூரம் ÷ முன்விளிம்பிலிருந்து உள்ள தூரம்)

உங்கள் மாதிரிக்கே போட்டுப் பாருங்கள். நாணின் நட்டநடுவில், முன்விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டரில், வித்தியாசம் சுமார் 86 பாஸ்கல். 5 சென்டிமீட்டரில் 148. பின்விளிம்புக்கு 2 சென்டிமீட்டர் இருக்கும் இடத்தில் 29 மட்டுமே. முன்விளிம்பிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி 850 பாஸ்கல். கூட்டிப் பார்த்தால், மொத்தத் தூக்குவிசையில் 40 சதவீதத்தை நாணின் முதல் 10 சதவீதமே சுமக்கிறது. முதல் கால்பகுதி 61 சதவீதம். முன்பாதி 82 சதவீதம். பின்பாதிக்கு மிஞ்சுவது 18தான். உங்கள் 20 சென்டிமீட்டர் நாணில் முதல் 2 சென்டிமீட்டரில் ஒட்டியிருக்கும் ஒரு துண்டு டேப், ஒரு பெயின்ட் பிசிறு, ஒரு கீறல் எவ்வளவு கேடு செய்யும் என்பது இதிலிருந்து தெரியும். பின்பாதியில் அதே பிசிறு இருந்தால் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இந்தப் பரவலின் மையம் எப்போதும் கால் நாணில் விழுகிறது. கோணத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது நகர்வதில்லை. சமச்சீர் வெட்டுமுகத்தின் தனிச் சிறப்பே இதுதான். வளைவுள்ள வெட்டுமுகத்தில் அழுத்த மையம் கோணத்தோடு இடம்பெயரும். ஹெலிகாப்டர் சுழலியின் ஒவ்வோர் இறக்கையும் ஒரு சுற்றுக்குள் கோணத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டியது. திருகும் அச்சைக் கால் நாணை ஒட்டி வைத்து, வெட்டுமுகத்தைச் சமச்சீராக வைத்துவிட்டால், காற்று அதைத் திருக முயல்வது மிகக் குறைவு. பெல் நிறுவனத்தின் யூஎச்-1 போன்ற ஹெலிகாப்டர்கள் 0012 வெட்டுமுகத்தை எடுத்துக்கொண்டதற்கு இது முக்கியக் காரணம். கப்பலின் சுக்கானைத் திருப்பும் தண்டை எங்கே வைப்பது என்பதும் இதே கேள்வியின் இன்னொரு முகம்தான்.

சுக்கான் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சமச்சீர் வெட்டுமுகத்தின் கடைசிக் கால்பகுதியை மட்டும் கீலில் பொருத்தி மடக்கினால் என்ன ஆகும்? விமானத்தின் வால் துடுப்புகளில் இதைத்தான் செய்கிறார்கள். பரப்பில் கால்பங்கு, ஆகவே கால்பங்கு விளைவு என்று மனம் சொல்லும். கோட்பாடு 61 சதவீதம் என்கிறது. கடைசிக் கால்பகுதியை 5 டிகிரி மடக்கினால், முழு இறக்கையையும் 3 டிகிரி சாய்த்ததற்கு ஈடான தூக்குவிசை. இதே 61ஐ மேலே முதல் கால்பகுதியின் பங்காகப் பார்த்தோம். தற்செயல் அல்ல, காற்றின் திசையைத் திருப்பிப் போட்டால் முன்பாதி பின்பாதியாகிவிடும் என்ற சமச்சீரிலிருந்து வருவது. பின்விளிம்புதான் சுழற்சியை முடிவு செய்கிறது என்பதால், அதைக் கொஞ்சம் அசைத்தாலே இறக்கை முழுவதும் சுமை மாறுகிறது. நடைமுறையில் கீலருகே எல்லை அடுக்கு (பரப்பை ஒட்டி வேகம் குறைந்து ஓடும் மெல்லிய காற்றுப்படலம்) தடிப்பதாலும் இடைவெளி வழியே காற்று கசிவதாலும் 61 முழுதாகக் கைக்கு வராது.

சரி, ஒரு முரண்பாட்டையும் நீங்களே கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். தட்டின் மேல் அழுத்தம் செங்குத்தாகத்தான் வேலை செய்யும். தட்டோ 5 டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அப்படியானால் விசையும் 5 டிகிரி பின்னால் சாய வேண்டும், அதாவது 1.4 நியூட்டன் இழுவிசை இருக்க வேண்டும். ஆனால் கோட்பாடு இழுவிசை பூஜ்யம் என்கிறது. அந்த 1.4 நியூட்டன் எங்கே போயிற்று? முன்விளிம்பில். அங்கே தடிமன் பூஜ்யம், காற்றின் வேகம் எல்லையற்றது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் முன்னோக்கி இழுக்கும் ஓர் உறிஞ்சுவிசை மிஞ்சுகிறது, அது சரியாக 1.4 நியூட்டன். கணிதத்தின் கண்கட்டு வித்தை போலத் தோன்றும். ஆனால் 0012இன் முன்விளிம்பு உருண்டையானது. உங்கள் மாதிரியில் அதன் வளைவு ஆரம் சுமார் 3.2 மில்லிமீட்டர். அந்தச் சின்ன மூக்கைச் சுற்றிக் காற்று விரைவதால் அங்கே உண்மையிலேயே பலத்த உறிஞ்சல் உண்டு, அது மாதிரியை முன்னோக்கி இழுக்கிறது. கத்தி முனை கொண்ட தட்டில் காற்று அந்த முனையைச் சுற்ற முடியாமல் பிரிந்துவிடுவதால், அந்த இழுப்பு போய்விடும். உருண்டை மூக்கின் வேலை இது.

இனி தடிமன். பாகுத்தன்மை இல்லாத காற்றில் தடிமன் தூக்குவிசையைச் சற்றே கூட்டுகிறது. ஷுகோவ்ஸ்கி வகை வெட்டுமுகங்களிலிருந்து கிடைக்கும் தோராய விதி, தடிமன் விகிதத்தை 0.77ஆல் பெருக்கிய அளவு கூடும் என்கிறது. 0012இல் கடைசி இரண்டு எண்கள் நாணில் 12 சதவீதத் தடிமனைக் குறிப்பவை, முதல் இரண்டு பூஜ்யங்கள் வளைவு இல்லை என்பதை. ஆகவே ஏறத்தாழ 9 சதவீதக் கூடுதல். மறுபுறம் உண்மைக் காற்றில், மேற்பரப்பின் எல்லை அடுக்கு பின்விளிம்பை நெருங்கும்போது கீழ்ப்பரப்பில் உள்ளதைவிடத் தடித்துப்போகிறது. வெளியே ஓடும் காற்றுக்கு, இறக்கையின் வால் லேசாக மேலே மடங்கியதுபோல் தெரிகிறது. அது தூக்குவிசையைக் குறைக்கிறது. பல லட்சம் ரெனால்ட்ஸ் எண்ணில் (வேகத்தையும் நாணையும் பெருக்கிப் பாகுத்தன்மையோடு ஒப்பிடும் எண் இது) இந்தக் குறைவு அந்தக் கூடுதலைக் கிட்டத்தட்டத் தின்றுவிடுகிறது. கோட்பாட்டின்படி டிகிரிக்கு 0.11 குணகம், 0012க்கு ரெனால்ட்ஸ் எண் 60 லட்சத்தை ஒட்டிய அளவீடுகளும் 0.11க்கு மிக அருகிலேயே இருக்கின்றன. இரண்டு பிழைகள் எதிரெதிராகச் சாய்ந்து ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருக்கின்றன. இதைச் சொல்லாமல் "பார், எவ்வளவு துல்லியம்" என்று மட்டும் காட்டும் பாடங்கள் மீது எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

சிறு கோணத் தோராயத்தின் மீதும் பழி போட வேண்டாம். தட்டுக்கான துல்லிய விடை 2 × பை × சைன் கோணம். 10 டிகிரியிலும் இரண்டுக்கும் வித்தியாசம் அரை சதவீதம்தான். சூத்திரம் கைவிடுவது காற்றோட்டம் மேற்பரப்பைவிட்டுப் பிரியும்போது. 60 லட்சம் ரெனால்ட்ஸ் எண்ணில் 0012 ஏறத்தாழ 16 டிகிரியில் ஸ்டால் ஆகிறது, அதாவது காற்று பிரிந்து தூக்குவிசை விழுகிறது. அதை நெருங்கும்போதே கோடு வளையத் தொடங்கிவிடும். கோட்பாட்டுக்கு ஸ்டால் என்ற ஒன்று இருப்பதே தெரியாது, 40 டிகிரிக்கும் கூச்சமின்றி ஒரு விடை தரும்.

அப்படியானால் உங்கள் 8.2? மேலே சொன்ன எல்லாமே, இருபுறமும் முடிவில்லாமல் நீளும் இறக்கைக்கு. காற்றுச் சுரங்கத்தில் அதை உண்டாக்க, மாதிரியைச் சுவரிலிருந்து சுவர்வரை நீட்ட வேண்டும். உங்கள் மாதிரியோ நடுவில் நிற்கிறது. கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. முனைகளில் தடுக்க ஒன்றும் இல்லை. காற்று முனையைச் சுற்றி மேலே ஏறி, முனைச் சுழிகளாகப் பின்னால் நீள்கிறது. அந்தச் சுழிகள் இறக்கையின் மேல் கீழ்நோக்கிய ஓட்டத்தைத் திணிக்கின்றன. நீங்கள் 5 டிகிரி வைத்தீர்கள், இறக்கை உணர்வது அதில் பாதியை ஒட்டி.

நீளத்தை நாணால் வகுத்தால் உங்களுக்கு 3. இந்த விகிதத்துக்கு பிராண்டலின் தூக்குக்கோட்டுக் கோட்பாடு, முடிவற்ற இறக்கையின் விடையில் 60 சதவீதம் கிடைக்கும் என்கிறது: 9.7 நியூட்டன். ஆனால் அது நீண்ட இறக்கைகளுக்கு உரியது, 3 என்ற விகிதத்தில் கொஞ்சம் தாராளமாகச் சொல்லும். குட்டையான இறக்கைக்கு ஹெல்ம்போல்டின் சூத்திரம் பொருந்தும்:

ரேடியனுக்கான சரிவு = 2 × பை × விகிதம் ÷ (2 + √(விகிதம் இருமடி + 4))

விகிதம் 3 என்றால் சரிவு, அதாவது ஒரு ரேடியனுக்குக் குணகம் கூடும் அளவு, 3.36. அது 2பையில் 53.5 சதவீதம். உங்கள் மாதிரிக்கு 8.6 நியூட்டன். அளந்தது 8.2. மிச்சமிருப்பது 5 சதவீதம். அடர்த்தியை 1.225 என்று புத்தகத்திலிருந்து எடுத்திருந்தால், அது 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கு உரியது. உங்கள் ஆய்வகம் 30 டிகிரியில் இருந்திருந்தால் அடர்த்தி 1.164, அதுவே 5 சதவீதத்தைக் கொண்டுபோய்விடும். இயக்க அழுத்தத்தைப் பிட்டோ குழாயில் நேரடியாக அளந்திருந்தால் இந்தத் திருத்தம் வேண்டியதில்லை.

இவ்வளவு பொருத்தமாக வந்துவிட்டதே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். 5 டிகிரியில் அரை டிகிரி பிழை என்றால் விசையில் 10 சதவீதம். கோண அளவுகோலின் பூஜ்யம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? இங்கே சமச்சீர் வெட்டுமுகம் உங்களுக்கு இலவசமாக ஒரு சோதனையைத் தருகிறது. பூஜ்ய கோணத்தில் பூஜ்யத் தூக்குவிசை வந்தே தீர வேண்டும். ஒருமுறை பூஜ்யத்தில் எனக்குக் குணகம் 0.06 வந்தது. மாதிரியை அச்சில் வார்த்தபோது வளைந்துவிட்டது என்று முடிவுகட்டி, ஒரு வாரம் அதன் வடிவத்தை அளந்துகொண்டிருந்தேன். கடைசியில் பொறுமை இழந்து மாதிரியைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினேன். வடிவம்தான் வளைந்திருந்தது என்றால் அடையாளம் மாறி கழித்தல் 0.06 வந்திருக்க வேண்டும். வந்தது அதே கூட்டல் 0.06. கோணம் காட்டும் முள்ளின் திருகு தளர்ந்து அரை டிகிரி நகர்ந்திருந்தது. சுரங்கத்தின் காற்றே லேசாகச் சாய்ந்து வந்தாலும் இதே மாதிரிதான் காட்டும். முள்ளையும் காற்றையும் பிரித்தறிய, பூஜ்யத்தைக் காற்று நிறுத்தியிருக்கும்போது நீர்மட்டத்தை வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

நீங்கள் கேட்காத இரண்டை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வேகம் கூடினால் மாக் எண், அதாவது வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்தது, குறுக்கே வரும். ஒலியின் வேகத்துக்குக் கீழே, 2பையை √(1 − மாக் இருமடி) என்பதால் வகுக்க வேண்டும், மாக் 0.5இல் 15 சதவீதம் கூடும். ஒலியைத் தாண்டினால் கதையே வேறு. அங்கே சூத்திரம் ஆக்கரெட் 1925இல் தந்தது: 4 × கோணம் ÷ √(மாக் இருமடி − 1), அழுத்த மையமும் கால் நாணிலிருந்து நடுநாணுக்குப் போய்விடும். உங்கள் 20 மீட்டர் வேகத்துக்கு இரண்டுமே பொருட்டல்ல.

உங்களுக்குப் பொருட்டாவது மறுகோடி. உங்கள் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 2,70,000. இந்த அளவில் 2பை ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் ஸ்டால் 16 டிகிரிக்கு நன்கு முன்பே வந்துவிடும். வேகத்தை நொடிக்கு 5 மீட்டருக்குக் குறைத்து அளக்க நினைத்தால் எண் 1,00,000க்குக் கீழே போகும். அங்கே எல்லை அடுக்கு கொந்தளிப்பாக மாறாமல் மெதுவாக ஓடிக்கொண்டே பின்பாதியில் பிரிந்துவிடும், நேர்கோடு என்பதே இருக்காது. 50,000ஐ ஒட்டிய சில அளவீடுகளில் 0012 சிறு கோணங்களில் எதிர்த்திசைத் தூக்குவிசையைக்கூடக் காட்டியிருக்கிறது. குட்டா நிபந்தனை எழுதிய சீட்டில் அங்கே கையெழுத்து இல்லை.

எனவே அடுத்த முறை வேகத்தைக் குறைக்காதீர்கள். மாதிரியைச் சுவரிலிருந்து சுவர்வரை பொருத்த முடிந்தால் பொருத்துங்கள், முனைக்கும் சுவருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம், அந்தச் சிறு சந்திலும் காற்று ஏறும். முடியாவிட்டால் இரு முனைகளிலும் நாணைவிடப் பெரிய தட்டுகளை ஒட்டுங்கள். முழுதாகத் தடுக்காது என்றாலும் 8.2 மேலே நகர்வதைக் கண்ணால் பார்ப்பீர்கள். கூட்டல் 6 டிகிரியிலிருந்து கழித்தல் 6 டிகிரிவரை இரண்டிரண்டு டிகிரியாக அளந்து, புள்ளிகளின் சரிவை மட்டும் எடுங்கள், ஒற்றைப் புள்ளியை நம்பாதீர்கள். சுவர்வரை நீண்ட மாதிரிக்கு, 30 டிகிரி வெப்பத்தில், 5 டிகிரி கோணத்தில் 15 நியூட்டனை ஒட்டி வந்தால் உங்கள் தராசு சரியாக இருக்கிறது.